கண்ணாடிக் குச்சியும் காரைக்குடியும்

குண்டலுபேட்டை எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: மைசூரிலிருந்து ஊட்டி போகும் வழியில், பந்திப்பூர் காட்டுக்குக் கொஞ்சம் முன்னால். சீசனில் ரோட்டின் இரண்டு பக்கமும் சூரியகாந்தியும் செண்டுமல்லியுமாக இருக்கும். நீங்கள் காரை நிறுத்தி போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். நான் இங்கேயே பேங்கில் உட்கார்ந்து கடன் ஃபைல் பார்த்துக்கொண்டிருக்கிறேன் :-)

அப்படி வந்த ஒரு ஃபைல்தான் இந்தக் கதைக்குக் காரணம். செண்டுமல்லிப் பூவைப் பதப்படுத்தும் சின்னத் தொழில். செலவுப் பட்டியலில் "ஜெல் எலெக்ட்ரோடு" என்று ஒரு வரி, அதுவும் ஒவ்வொரு வருடமும். மெஷின் என்றால் ஒரு தடவைதானே வாங்குவார்கள்? சிவப்பு மையில் வட்டம் போட்டு, ஆளைக் கூப்பிட்டேன். அவர் கன்னடமும் தமிழும் கலந்து பொறுமையாகச் சொன்னார்: "சார், பூவைக் குவித்துப் புளிக்க வைத்தால் அதிலிருந்து அமிலத் தண்ணீர் வடியும். சுண்ணாம்பு போட்டுச் சரி பண்ணாமல் வெளியே விட்டால் பக்கத்து வயல்காரர் கிணறு போச்சு. எவ்வளவு சுண்ணாம்பு என்று சொல்வது அந்தக் குச்சிதான்."

நான் பி.காம். எனக்கும் கெமிஸ்ட்ரிக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் அடிக்க இருந்த வரி ஒருவர் கிணறு சம்பந்தப்பட்டது என்றதும், உட்கார்ந்து படித்தேன்.

புளிப்பை அளக்கும் பி.ஹெச் என்ற கணக்கை 1909-ல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் ஆய்வகத்தில் இருந்த சோரன்சன் கொண்டுவந்தார். அதே வருடம் ஜெர்மனியில் ஹேபரும் கிளெமென்சிவிச்சும், மெல்லிய கண்ணாடிச் சவ்வின் இரு பக்கமும் புளிப்பு வேறாக இருந்தால் மின்னழுத்தம் பிறப்பதை அளந்து காட்டினார்கள். அறை வெப்பத்தில் ஒரு பி.ஹெச் மாறினால் சுமார் 59 மில்லிவோல்ட். 1934-ல் கலிஃபோர்னியாவில் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க முடியாமல் தவித்த நண்பருக்காக ஆர்னால்ட் பெக்மன் செய்த கருவிதான் பி.ஹெச் மீட்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

சரி, ஜெல் எதற்கு? கண்ணாடி தரும் மில்லிவோல்ட்டை ஒப்பிட நிலையான இன்னொரு முனை வேண்டும். வெள்ளிக் கம்பி, அதன்மேல் சில்வர் குளோரைடு, சுற்றிலும் பொட்டாசியம் குளோரைடு உப்புக் கரைசல். இந்தக் கரைசல் நுண்துளை அடைப்பு வழியாக வெளித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். லேபில் தீரத் தீர ஊற்றலாம். ஆலைக் குழாயில்? அழுத்தம் ஏறினால் அழுக்குத் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். கூழாக்கி வைத்தால் உப்பு மெதுவாகத்தான் வெளியேறும், அழுக்கும் மெதுவாகத்தான் உள்ளே வரும். சல்ஃபைடு வெள்ளியைக் கெடுக்கும் என்பதால், நடுவில் இன்னொரு ஜெல் அறை வைத்து இரட்டைத் தடுப்புப் போடுவதும் உண்டு.

புது யோசனையும் இல்லை. 1866-ல் லெக்லான்ஷே செய்த ஈர பேட்டரியை, 1880-களில் கார்ல் காஸ்னர் பசையாக்கி உலர் செல் ஆக்கினார். நம் டார்ச் லைட் செல்லின் தாத்தா அது. ஒரே குறை, ஜெல்லை மறுபடி நிரப்ப முடியாது. உப்பு தீர்ந்தால் அளவு மெல்ல நழுவும், எண் மட்டும் திரையில் ஜம்மென்று தெரியும். அதனால்தான் வருடாவருடம் புதுசு. அவர் ஏமாற்றவில்லை. நான்தான் அவசரப்பட்டேன்.

படித்துக்கொண்டே போனால் நம்ம காரைக்குடி வந்து நிற்கிறது! நான் காலேஜ் படித்த ஊர். மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் வாசலை மூன்று வருடம் கடந்து போயிருக்கிறேன், உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. பேட்டரி, உலோக அரிப்பு, முலாம் பூச்சு, இந்த மாதிரி சென்சார்கள், எல்லாம் அவர்கள் துறை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கலன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். வள்ளல் 1957-ல், 48 வயது நிறைவதற்கு ஒருநாள் முன்னால் போய்விட்டார்.

அந்தக் காலத்து 15 லட்சம்! பேங்க்காரன் புத்தி, வட்டி போட்டுப் பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். தன் கண்ணுக்கே தெரியாத பலனுக்குக் கொடுத்த பணத்தை எந்தக் காலத்தில் எழுதுவது?

அந்த வரியை நான் அடிக்கவில்லை. கடன் பாஸாகிவிட்டது.

அடுத்த லீவில் ஊருக்குப் போய் பிள்ளையார்பட்டி தரிசனம் முடித்துத் திரும்பும்போது, காரைக்குடியில் அந்த வாசலில் ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்துங்கள். விஞ்ஞானம் எல்லாம் அமெரிக்காவில்தான் என்று நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்தப் பலகையைக் காட்டுங்கள். நான் மூன்று வருடம் விட்டதை அவர்களாவது விட வேண்டாம்.