கட்டுச்சோறு சுமந்த கால்வாய்

வெனிஸ் நகரத்துக்கு டூர் போகிற உத்தேசம் இருந்தால் ஒரு சின்ன எச்சரிக்கை. செயின்ட் மார்க் சதுக்கத்தின் படிக்கட்டில் அக்கடா என்று உட்கார்ந்து கட்டுச்சோற்று மூட்டையைப் பிரித்துவிடாதீர்கள். அபராதம் போட்டுவிடுவார்கள்! சரித்திரச் சின்னங்களுக்கு நடுவே பிக்னிக் கூடாது என்பது அந்த ஊர்க் கண்டிப்பு.

போகட்டும், விடுங்கள். கால்வாய், படகு, பழைய சரித்திரம், பொட்டலச் சாப்பாடு இவை நான்கும் ஒன்றுசேர்ந்த பிக்னிக் ஒரு காலத்தில் நம் மயிலாப்பூர்க்காரர்களுக்கே வாய்த்திருந்தது. ஊர், மாமல்லபுரம். வழி, பக்கிங்ஹாம் கால்வாய்.

'எது, அந்தச் சாக்கடையா?' என்று மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் 1930-களில் மயிலாப்பூரில் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை கிடையாது. மாமல்லபுரம் போக வேண்டுமானால் முதலில் பஞ்சாங்கத்தைப் புரட்டி பௌர்ணமி என்றைக்கு என்று பார்க்க வேண்டும். பயணம் முழுக்க ராத்திரியில்தானே! அப்புறம் சாப்பாட்டுக் கவலை. மறுநாள் வரை ஊசிப்போகாமல் இருக்க வேண்டும் என்றால் புளியோதரையை விட்டால் வேறு கதி உண்டா? மிளகாய்ப் பொடி தடவிய இட்லி, கூஜாவில் தண்ணீர், ஒரு ஜமக்காளம். அவ்வளவுதான், படகு கிளம்பிவிடும். காற்று அடித்தால் பாய் விரிப்பார்கள். அடிக்காவிட்டால் கழியை ஊன்றித் தள்ளுவார்கள். அதுவும் சரிப்படாவிட்டால் ஆட்கள் கரையில் இறங்கி, கயிறு கட்டிப் படகை இழுத்துக்கொண்டே நடப்பார்கள். நீங்கள் ஜமக்காளத்தில் படுத்து நிலாவைப் பார்த்துக்கொண்டு போகலாம்.

அப்படிப் போனவர்களில் சிலர் சாமானியப்பட்டவர்கள் இல்லை. 1934-ல் பாரதிதாசன் தன் நண்பர்களோடு படகில் மாமல்லபுரம் போனார். கூட யார் யார் தெரியுமா? ஜீவானந்தம், குத்தூசி குருசாமி, மயிலை சீனி. வேங்கடசாமி. அந்தப் பயணத்தில் பாவேந்தருக்கு ஒரு கவிதை கிடைத்தது. மயிலாப்பூரில் பிறந்த வேங்கடசாமியோ பின்னாளில் மகேந்திரவர்மனுக்கு ஒன்று, நரசிம்மவர்மனுக்கு ஒன்று என்று தனித்தனிப் புத்தகங்களே எழுதினார். ஒரு பிக்னிக்குக்கு இது நல்ல லாபம்தான், இல்லையா?

சரி, இப்படிக் கவிஞர்களையும் அறிஞர்களையும் புளியோதரை சகிதம் சுமந்துபோன கால்வாயை வெட்டியது யார்?

இங்கேதான் கதை கொஞ்சம் கனக்க ஆரம்பிக்கிறது.

கால்வாய் ஒரே மூச்சில் வெட்டப்பட்டதல்ல. 1806 வாக்கில் பாசில் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் மெட்ராஸிலிருந்து எண்ணூர் வரை வெட்டியதுதான் ஆரம்பம். அது வடக்கே நீண்டுகொண்டே போனது. தெற்கே அடையாற்றுக்கு அப்பால் தனியாக ஒரு கால்வாய். நடுவில், கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே சுமார் 8 கிலோமீட்டர் மட்டும் பாக்கி. சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் எல்லாம் அந்த இடைவெளியில்தான் வருகின்றன. அதை இணைத்துவிட்டால் ஆந்திரக் கரையிலிருந்து மரக்காணம் வரை படகு விடலாம். ஆனால் அத்தனை மண்ணைத் தோண்ட ஆள் வேண்டுமே?

ஆள் கிடைத்தார்கள். 1876-ல் மழை பொய்த்தது. தென்னிந்தியாவையே தின்று தீர்த்த தாது வருஷப் பஞ்சம் அது. இரண்டு வருஷத்தில், பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 55 லட்சம் பேர் செத்துப்போனதாக ஒரு கணக்கு. அதற்கு மேல் சொல்கிறவர்களும் உண்டு. அதே நேரத்தில், 1877 பிப்ரவரியில், மெட்ராஸ் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலைமலையாய் அடுக்கிக் கிடக்கும் புகைப்படம் ஒன்று இருக்கிறது. பார்த்தால் வயிறு எரியும்.

பசித்தவனுக்குச் சும்மா சோறு போட்டால் சோம்பேறியாகிவிடுவான் என்பது அன்றைய சர்க்காரின் சித்தாந்தம். ஆகவே, வேலை செய், கூலி வாங்கு! கூலியை நிர்ணயிக்க வைஸ்ராய் லிட்டன் அனுப்பிவைத்தவர் ரிச்சர்ட் டெம்பிள். இவர் 1874-ல் பீகார் பஞ்சத்தின்போது தாராளமாகச் செலவு செய்து உயிர்களைக் காப்பாற்றியவர். 'இவ்வளவா செலவழிப்பது?' என்று அதற்காக மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டவரும்கூட. அந்தச் சூடு மறக்கவில்லை போலும். 1877 ஜனவரியில் மெட்ராஸ் வந்தவர் கூலியை இறுக்கினார். நாள் முழுக்க மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம். கூடவே சொற்பக் காசு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைவிடக் குறைவு.

இதை எதிர்த்துக் குரல் கொடுத்தவரும் ஒரு வெள்ளைக்காரர்தான். மெட்ராஸின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ். 'உழைக்கிற உடம்புக்குக் குறைந்தது ஒன்றரை பவுண்டு வேண்டும், பருப்பும் காய்கறியும் வேண்டும்' என்று மல்லுக்கட்டினார். சில மாதங்கள் கழித்துக் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தார்கள். அவர் கேட்ட அளவை எட்டவில்லை.

இப்படிப்பட்ட பஞ்ச நிவாரண வேலையாகத்தான் 1877-78-ல் அந்த 8 கிலோமீட்டரும் தோண்டி முடிக்கப்பட்டது. 1878-ல் கால்வாய்க்குப் பெயரும் வைத்தாயிற்று. தோண்டியவர்கள் பெயரையா வைப்பார்கள்? அப்போது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர்!

1965, 66 புயல்கள் கால்வாயைத் தூர்த்தன. படகுகள் மெல்ல மெல்ல ஓய்ந்தன. மீதியை நம் சாக்கடைகள் பார்த்துக்கொண்டன. 1990-களில் பறக்கும் ரயில் வந்து கால்வாய்க்குள்ளேயே தூண்களை இறக்கியது. திருமயிலை ஸ்டேஷனிலிருந்து கீழே எட்டிப் பார்த்தால் கறுப்பாகத் தெரிகிறதே, அது அந்தப் பஞ்சத்தில் அடிபட்டவர்கள் தோண்டிய பள்ளம்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்களும் தி.நகரிலோ அடையாறிலோ பஸ் ஏறி மாமல்லபுரம் போகலாம். அர்ச்சுனன் தபசுப் பாறை முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். கையை உயரத் தூக்கி, ஒற்றைக்காலில், விலா எலும்பு தெரிய ஒரு தவசி நிற்பார். அவர் அர்ச்சுனன் இல்லை, கங்கையைக் கொண்டுவரத் தவமிருந்த பகீரதன் என்று சொல்கிற அறிஞர்களும் உண்டு. அப்படியே இருந்தாலும், அந்த எலும்பு தெரிவது அவராக விரும்பி ஏற்ற விரதத்தால். மயிலாப்பூருக்குக் கால்வாய் கொண்டுவந்தவர்களுக்கும் எலும்பு தெரிந்தது. அது யாரும் கேட்டு வாங்கிய விரதம் இல்லை. அவர்களுக்குச் சிலையும் இல்லை.

பார்த்துவிட்டு, வேலிக்கு வெளியே நல்ல நிழலாகப் பார்த்து உட்கார்ந்து புளியோதரையைப் பிரியுங்கள். ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்காமல் சாப்பிடுங்கள்.