விறகறிந்த கைகள்: புகையூட்டலின் எழுதப்படாத வரலாறு

வரலாறு படிப்பித்த காலத்தில் விறகைப் பற்றி நான் ஒரு வசனமும் எழுதியதில்லை. இன்று பிரித்தானியாவில் மீன் புகையூட்டும் தொழிற்சாலையொன்றில் ஓக் மரத்தூள் மூட்டைகளைச் சுமக்கிறேன். இந்த மூட்டைகளின் வரலாறு யாருடையது என்பதே என் கேள்வி.

இங்கிலாந்தின் கிழக்குக்கரைத் துறைமுகமான கிரேட் யார்மத்தில் உப்பிட்டுப் புகைத்த ஹெரிங் மீனைப் புகழ்ந்து 1599இல் தோமஸ் நாஷ் ஒரு நூலே எழுதினார். வடக்கே சீஹவுசஸில் 1843இல் ஜோன் வூட்ஜர் ஹெரிங்கைப் பிளந்து புகைத்து 'கிப்பர்' செய்ததாகச் சொல்லப்படுகிறது. எழுத்தாளரின் பெயர் உண்டு. முதலாளியின் பெயர் உண்டு. எந்த விறகு, எவ்வளவு ஈரம், எப்போது அனலைத் தணிப்பது என்று அறிந்திருந்த தொழிலாளியின் பெயர் இல்லை.

அந்த அறிவு சாதாரணமானதல்ல. பைன், ஸ்புரூஸ் முதலிய ஊசியிலை மரங்களில் பிசின் அதிகம். அவற்றின் புகை கரியும் கசப்புமாய்ப் படியும். ஆகவே ஓக், பீச், ஆல்டர் போன்ற அகன்ற இலை வன்மரங்களே பெரும்பாலும் தெரிவு. ஜேர்மனியின் கருங்காட்டுப் பன்றித்தொடை இறைச்சி ஊசியிலை மரத்தில் புகைக்கப்படுவது பிரதேசச் சுவையின் விதிவிலக்கு. பூச்சோ மருந்தோ பட்ட பலகை ஆகாது. பச்சை விறகும் ஆகாது. காற்றில் உலர்ந்திருக்க வேண்டும். உலர்ந்த விறகு சுவாலை விடும் என்பதால், சீவலின்மேல் தூளைப் பரப்பி, காற்றைக் குறைத்துக் கனலவிடுவார்கள். மரத்தின் லிக்னின் இவ்வாறு மெல்லச் சிதையும்போதே மணம்தரும் குவையக்கோல், சிரிங்கோல் என்பன பிறக்கின்றன என்று வேதியியல் பின்னர் விளக்கியது. யாழ்ப்பாணத்தில் பொச்சும் ஊமலும் போட்டுப் புகையிலைக்குப் புகையடித்தவர்களும் இதை அறிவார்கள்: தேவை சுவாலையல்ல, கனல். அவர்களிடமும் நான் கேட்டு எழுதவில்லை.

1930களின் இறுதியில் அபர்டீனின் டொரி ஆராய்ச்சி நிலையத்தில் உருவான இயந்திரச் சூளை, விசிறியால் புகையைச் செலுத்தி, வெப்பத்தையும் ஈரத்தையும் கட்டுப்படுத்தியது. வேலை சீரானது, மறுப்பதற்கில்லை. அதற்கு முன்னரே, 1895இல், அமெரிக்காவில் ஏர்னஸ்ட் ரைட் புகையைத் திரவமாக்கிப் போத்தலில் விற்கத் தொடங்கியிருந்தார். விறகறிந்தவர் இல்லாமலே புகைமணம்! 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் எட்டுப் புகைச் சுவையூட்டிகளின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. அவை மரபணுக்களைச் சேதப்படுத்தக்கூடும் என்ற கவலையே காரணம். ஆனால் மரப்புகையும் தூயதல்ல. தீ மிகச் சூடானால் பென்சோபைரீன் போன்ற நச்சுகள் கூடும். எனவே பழமைக்காக ஏங்குவதல்ல என் வாதம்.

எங்கள் வேலைத்தலத்தில் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஒருவர், மூட்டையைத் திறந்ததும் ஒரு பிடி தூளை நசுக்கிப் பார்க்கிறார். கட்டியாக நின்றால் அதை ஒதுக்கிவைக்கிறார். படிவத்தில் இதற்கென ஒரு கட்டம் இல்லை. இடைவேளையில் நான் குறிப்பெடுக்கிறேன்.

வர்க்கம், தேசம், வரலாறு என்று பக்கம் பக்கமாக எழுதும் நாம், புகலிடத்தின் சமையலறைகளிலும் தொழிற்சாலைகளிலும் நமது கைகள் கற்றவற்றை அறிவென்று ஒப்புக்கொள்கிறோமா? இல்லையெனில், யார்மத்தின் தொழிலாளியைப் பெயரற்றவராக்கிய அதே வரலாற்றைத்தான் நாமும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.