பெரியண்ணனும் சின்னண்ணனும்

தாழ்மை என்னும் பண்பைக் கிறிஸ்தவ சமயம் மிக உயர்வாகப் போற்றுகிறது. குருவே சீடரின் கால்களைக் கழுவிய நிகழ்ச்சியை யோவானின் சுவிசேஷம் கூறுகிறது. ஆயினும் ஓர் ஐயம் எழுகின்றது. அதிகாரத்திற்கு அஞ்சிக் குனிபவனைத் தாழ்மையுடையவன் என்னலாமா? அவனுக்கு நிமிர இடமில்லை, ஆகவே குனிகிறான். உயர்ந்த இருக்கை தனக்கெனக் காத்திருக்க, அதை விடுத்து இறங்கி வருபவனிடத்திலேதான் உண்மையான தாழ்மையை நான் காண்கிறேன். அவ்வாறு இறங்கி வந்த ஒருவரின் வரலாறு நம் தமிழ்நாட்டிலேயே உண்டு.

1910ஆம் ஆண்டில் எடின்பரோ நகரில் உலகக் கிறிஸ்தவ ஊழியர் மாநாடு நடைபெற்றது. திருநெல்வேலிச் சீமையில் பிறந்த வே. ச. அசரியா அங்கே துணிந்து ஒரு குறையை எடுத்துரைத்தார். அயல்நாட்டு ஊழியர்கள் இந்தியருக்காக உழைத்தார்கள். ஆனால் இந்தியரை நண்பராக ஏற்கவில்லை என்பதே அக்குறை. ஆள்பவர், ஆளப்படுபவர் என்ற வேற்றுமை திருச்சபைக்குள்ளும் புகுந்திருந்தது.

பதினோர் ஆண்டுகள் கழிந்தன. 1921இல், அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்துத் திருப்பத்தூரில், இரு மருத்துவர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். ஒருவர் சவரிராயன் ஏசுதாசன் என்னும் தமிழர்; 1882இல் பிறந்தவர். மற்றவர் எர்னஸ்டு பாரஸ்டர் பேட்டன். ஸ்காட்லாந்தின் செல்வக் குடும்பமொன்றில் 1891இல் பிறந்தவர். இருவரும் மணம் செய்துகொள்ளாமல், கதர் உடுத்தி, எளிய உணவு உண்டு, ஏழை நோயாளிகளுக்குத் தொண்டு புரிந்தனர்.

குலம் என்றால் குடும்பம். நம் குடும்பங்களில் மூத்தவர் யார் என்பதை வயதே முடிவு செய்யும். அங்கும் அவ்வாறே ஆயிற்று. ஏசுதாசன் ‘பெரியண்ணன்’ ஆனார். பேட்டன் ‘சின்னண்ணன்’ ஆனார். வெள்ளையர் ஆட்சி வேரூன்றியிருந்த நாளில், வெள்ளையர் ஒருவர் ஓர் இந்தியருக்குத் தம்பியாக அமைந்தார். நிறமும் செல்வமும் அந்த முறையை மாற்றவில்லை. இச்சிறு பெயர்களில் ஒரு பெரும் புரட்சி அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

அவர்கள் எழுப்பிய ஜெபாலயத்திலும் இதே மனப்பான்மையைக் காணலாம். செய்யாற்றங்கரையில் உள்ள மாகறலில், சம்பந்தர் பாடிய திருமாகறலீசுவரர் கோயிலைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு அக்கட்டடம் அயலாகத் தோன்றாது. அது ஐரோப்பியத் தேவாலயங்களின் அமைப்பைத் தழுவாமல், திராவிடச் சிற்ப முறையில் கோபுரத்துடன் அமைந்தது. தம் நாட்டுக் கலையே சிறந்தது என்னும் எண்ணத்தையும் சின்னண்ணன் கைவிட்டார் அல்லவா?

இத்தாழ்மைக்குச் சோதனையும் வந்தது. 1932இல் சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியல் நடந்த இடத்தில், கதராடையுடன் நின்றிருந்த அவர் காவலரால் தாக்கப்பட்டார். ஆளும் இனத்தில் பிறந்தவர், ஆளப்படுவோரின் ஆடையை அணிந்ததற்கு விலை கொடுத்தார். அதன் பின்னும் அவர் இந்நாட்டை விட்டு நீங்கவில்லை.

பெரியண்ணனின் பங்கும் சிறியதன்று. மூத்தவர் என்ற பெயரை ஏற்ற அவர், அதை அதிகாரமாக்கிக் கொள்ளாமல் உடன் உழைத்தார். ஒருவர் இறங்கி வந்தார். மற்றவர் நிமிர்ந்து நின்று அவரைத் தழுவிக்கொண்டார். இரண்டும் கூடியதால்தான் அது சகோதரத்துவம் ஆயிற்று.

1969இல் பெரியண்ணனும், 1970இல் சின்னண்ணனும் மறைந்தனர். மாணவ நண்பர்களே, பிறரிடம் பணிவை எதிர்பார்க்கும் முன், நாம் விட்டு இறங்க வேண்டிய இருக்கை எது என்று எண்ணிப் பாருங்கள். பிறப்பாலோ செல்வத்தாலோ கல்வியாலோ வந்த ஓர் இருக்கை நம்மில் பலருக்கும் உண்டு.