சில்லறையிற் சரித்திரம்: பிரித்தானியப் பென்னி நாணயமும் அதனைத் தேடினோரும்

நாணயத்தைச் சரித்திரச் சான்றாகக் கொள்வோர் பெரும்பாலும் மண்ணிலிருந்து அகழ்ந்தெடுத்த நாணயத்தையே கருதுவர். புதையற் பானையில் ஒருங்கே கிடைத்த காசுகளை நிறுத்தும் அளந்தும் எழுத்தைப் படித்தும் அவர் பெறும் முடிபுகள் பல. ஆயின் மண்ணுட் புகாமலே, மக்கள் கையில் வழங்கிக் கொண்டிருக்கும்போதே பழம்பொருளாகிவிட்ட நாணயங்களும் உள. கடைக்காரன் மீதியாகக் கொடுத்த சில்லறையை ஒருவன் எண்ணிப் பார்க்குமிடத்து, தன் பாட்டன் காலத்துக் காசொன்று அதனிடையே கிடப்பதைக் காண்பானாயின், அவன் கையிலிருப்பதும் ஒரு சிறு புதையலே. இந்நிலைக்குத் தக்க எடுத்துக்காட்டாவது, பிரித்தானியாவில் 1860 முதல் 1971 வரை வழங்கிய வெண்கலப் பென்னியாம்.

அந்நாட்டின் பழைய கணக்கில் 12 பென்னி ஒரு சிலிங். 20 சிலிங் ஒரு பவுண். ஆகவே ஒரு பவுணுக்கு 240 பென்னி. இலங்கையில் 1872 ஆம் ஆண்டிலேயே நூறு சதம் ஒரு ரூபா என்னும் பதின்மக் கணக்கு வழக்கிற்கு வந்துவிட்டது. தம் ஆட்சிக்குட்பட்ட தீவொன்றுக்கு அவ்வெளிய முறையை வகுத்துக் கொடுத்த ஆங்கிலேயர், தம் வீட்டில் அதனை ஏற்பதற்கு மேலும் 99 ஆண்டுகள் கழிந்தன என்பது சிறிது நகைப்பிற்குரியதே. ஆயினும் அத்தாமதமே பழைய பென்னியை நெடுங்காலம் வாழச் செய்தது.

1860 இற்கு முன்னர் வழங்கிய பென்னி செம்பினாலாயது, மிகப் பாரமானது. அதனை நீக்கி, செம்புடன் சிறிது வெள்ளீயமும் நாகமும் கலந்த வெண்கலத்தில், எடையைப் பாதியாகக் குறைத்துப் புதிய பென்னி வெளியிடப்பட்டது. மூன்று பென்னி ஓர் அவுன்சு நிறை. வங்கியில் இருப்போர் அவற்றை எண்ணாது நிறுத்தே கணக்கிடல் கூடும். இந்நாணயத்தின் நிறையும் பருமனும் 111 ஆண்டுகளாக ஏறக்குறைய மாறாதிருந்தன. அரசர் மாறினர், முகம் மாறியது. பின்புறத்தே வீற்றிருக்கும் பிரித்தானியா தேவியின் உருவம் மாறவில்லை. அவளருகே முதலில் ஒருபுறம் கலங்கரை விளக்கமும் மறுபுறம் கப்பலும் இருந்தன. 1895 இல் இரண்டும் மறைந்தன. 1937 இற் கலங்கரை விளக்கம் மட்டும் மீண்டது.

இக்காரணத்தால் 1960 ஆம் ஆண்டளவில் இலண்டனிற் பேருந்துக் கட்டணம் கொடுத்த ஒருவன் பையில் ஐந்து ஆட்சியாளரின் முகங்கள் ஒருங்கே இருத்தல் அரிதன்று. கொண்டை முடித்த இளம் விக்டோரியா, முக்காடிட்ட முதிய விக்டோரியா, ஏழாம் எட்வேட், ஐந்தாம் ஜோர்ஜ், ஆறாம் ஜோர்ஜ், இரண்டாம் எலிசபெத்து என்போர் அச்சிறு பையிற் கூடி உரசிக் கொண்டனர். எட்டாம் எட்வேட்டு மட்டும் அவ்வவையில் இல்லை. 1936 இல் ஓராண்டும் நிரம்பாமல் முடிதுறந்தமையால் அவர் முகந் தாங்கிய காசு பிரித்தானியாவிற் புழக்கத்திற்கு விடப்படவில்லை. விக்டோரியாவின் பென்னிகளுட் பல எழுத்துந் தேய்ந்து, முகமும் மழுங்கி, விரலாற் றடவினால் வழவழப்பாகவே இருந்தன. ஆண்டினை வெளிச்சத்திற் சாய்த்துப் பிடித்தே படித்தல் வேண்டும்.

வெள்ளி நாணயத்தின் வரலாறு இவ்வாறன்று. 1816 இற் சீர்திருத்தப்பட்ட பிரித்தானிய வெள்ளிக் காசு ஆயிரத்தில் 925 பங்கு தூய வெள்ளி உடையதாயிருந்தது. முதலாம் உலகப் போரின் பின்னர் வெள்ளி விலை உயர்ந்தமையால் 1920 இல் அது 500 பங்காகக் குறைக்கப்பட்டது. 1947 இல் வெள்ளி முற்றாக நீக்கப்பட்டுச் செம்பும் நிக்கலும் கலந்த காசு வந்தது. போர்க்காலத்தில் அமெரிக்காவிடமிருந்து கடனாகப் பெற்ற வெள்ளியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தமை இதற்குக் காரணம். தாழ்ந்த காசும் உயர்ந்த காசும் ஒரே முகமதிப்பில் ஒருங்கே வழங்குமிடத்து, மக்கள் உயர்ந்ததைத் தம்மிடம் வைத்துத் தாழ்ந்ததையே பிறர்க்குக் கொடுப்பர். 16 ஆம் நூற்றாண்டிலிருந்த கிரெஷாம் என்பவர் பெயரால் வழங்கும் இவ்விதிப்படியே பழைய வெள்ளி சில்லறையிலிருந்து வரவர விலகிற்று. அரசாங்கமும் அதனைத் திரும்பப் பெற்றுக் கொண்டது. பென்னியிலுள்ள வெண்கலத்தின் விலையோ அதன் முகமதிப்பை எட்டவில்லை. அதனைப் பதுக்குவதால் எவர்க்கும் இலாபமில்லை. மலிவே அதற்குக் காப்பாயிற்று எனலாம்.

மலிந்த பொருளுள்ளும் அரியது ஒன்றிருப்பின் அதனைத் தேடும் ஆவல் மிகும். இலண்டன் அரச நாணயசாலை வேண்டிய அளவு பென்னி அடிக்க இயலாதிருந்த 1912, 1918, 1919 ஆகிய ஆண்டுகளில், பேர்மிங்காம் நகரிலிருந்த ஹீற்றன் நாணயசாலைக்கு அப்பணியின் ஒரு பகுதி ஒப்படைக்கப்பட்டது. அதன் அடையாளமாக ஆண்டெண்ணின் இடப்புறத்தே ‘எச்’ என்னும் ஆங்கில எழுத்துச் சிறிதாகப் பொறிக்கப்பட்டது. 1918 இலும் 1919 இலும் கிங்ஸ் நோட்டன் நிறுவனம் அடித்தவற்றிற் ‘கே என்’ என்னும் ஈரெழுத்துகள் உள. ஓர் எழுத்தினால் ஒரு பென்னி மற்றைப் பென்னியினின்றும் வேறாயிற்று. கண்கூர்மையுள்ள சிறுவரும், நாளெல்லாம் சில்லறை கையாளும் கடைக்காரரும் இவ்வெழுத்துகளைத் தேடுவாராயினர்.

இத்தேட்டம் பெருவழக்காயது அமெரிக்க ஐக்கிய நாடுகளில். 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், ஆண்டுக்கொரு துளையிட்ட தடித்த அட்டைகள் அங்கு மலிவாக விற்கப்பட்டன. சில்லறையிற் கிடைத்த காசை அதற்குரிய துளையிற் பதித்துவிட வேண்டும். செலவு காசின் முகமதிப்பே. மனமாறினால் எடுத்துச் செலவிடவும் முடியும். ஏழைச் சிறுவனுக்கும் எட்டிய கல்வி இதுவாகும். ஆயினும் நிறைந்த துளைகள் தரும் மகிழ்ச்சியினும், நிறையாத ஒரு துளை தரும் ஏக்கமே பெரிதாயிருந்தது. சான் பிரான்சிஸ்கோவில் 1909 இல் அடிக்கப்பட்டு, பிரெனர் என்னும் சிற்பியின் பெயர் முதலெழுத்துகள் மூன்றையுந் தாங்கிய லிங்கன் சதம் 484,000 மட்டுமே. அதற்குரிய துளை பல அட்டைகளில் இறுதிவரை வெறுமையாகவே இருந்தது.

சேகரிப்போரை அமெரிக்க அரசாங்கம் ஒருமுறை குற்றவாளிகளாகவே நோக்கியது. 1960களின் தொடக்கத்திற் சில்லறைத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, பழி அவர்மேலும் சுமத்தப்பட்டது. ஆண்டும் நாணயசாலைக் குறியுமே அவர்தம் ஆசைக்கு வித்தென்று கருதி, 1964 என்னும் ஆண்டையே அதற்குப் பின்னர் அடித்த வெள்ளிக் காசுகளிலும் பொறித்தனர். 1965 முதல் 1967 வரை வெளியிட்ட காசுகளில் நாணயசாலைக் குறியை விலக்கினர். நாணயத்திலுள்ள ஆண்டு பொய்யாயிருக்க அரசே ஆணையிட்டமை சரித்திர மாணவர் மறக்கற்பாலதன்று. உண்மையில் வெள்ளியின் விலையேற்றமும், தானியங்கி விற்பனைப் பொறிகளின் பெருக்கமுமே தட்டுப்பாட்டிற்கு முதன்மையான காரணங்கள். 1965 ஆம் ஆண்டுச் சட்டம் பத்துச் சதத்திலும் இருபத்தைந்து சதத்திலுமிருந்து வெள்ளியை நீக்கியதும், மக்கள் பழைய காசுகளைப் பொறுக்கியெடுத்து விட்டனர்.

பிரித்தானியாவில் ஏக்கத்திற்கு உறைவிடமாயது 1933 ஆம் ஆண்டுப் பென்னி. அவ்வாண்டில் வங்கிகளிடம் பென்னி போதியளவு கையிருப்பிலிருந்தமையாற் புழக்கத்திற்கென ஒன்றும் அடிக்கப்படவில்லை. ஆயினும் பெருங்கட்டிடங்களுக்கு அடிக்கல் நாட்டுங்கால் அவ்வாண்டின் காசுகளைக் கல்லின்கீழ் வைப்பது வழக்கம். அதற்காகவும் அரும்பொருட்சாலைகளுக்காகவும் மிகச் சிலவே அடிக்கப்பட்டன; அவை ஏழு என்பர். ஆறு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் இக்கால பிரித்தானியாவிலும் இவ்வேழின் கதை மறக்கப்படவில்லை. அக்காலத்திலோ பள்ளிச் சிறுவர் முதல் முதியோர் வரை ஒவ்வொரு பென்னியையும் புரட்டிப் பார்த்தனர். கல்லின்கீழும் கண்ணாடிப் பேழையினுள்ளும் இருக்கும் நாணயம் கடைக்காரன் பெட்டிக்கு வருதல் எங்ஙனம் என்று அவர் ஆராய்ந்திலர். இல்லாததைத் தேடியமையால் இருந்தவற்றை உற்று நோக்கினர் என்பதே அதனாற் கிடைத்த பயன்.

பிற்பட்ட ஆண்டுகளில் உண்மையாகவே கிடைக்கக்கூடிய அரியவையும் இருந்தன. 1950 இல் 240,000 பென்னியும், 1951 இல் 120,000 பென்னியுமே அடிக்கப்பட்டன. கோடிக்கணக்கில் அடிக்கும் நாணயத்திற்கு இது மிகச் சிறு தொகை. அவற்றுட் பெரும்பகுதி பேர்முடாத் தீவுக்கு அனுப்பப்பட்டது. பின்னர் நாணய வணிகர் அங்குச் சென்ற காசுகளையே தேடித் தாய்நாட்டிற்கு மீட்டனர்.

சில்லறையைத் தேடுதல் பொழுதுபோக்காவதற்கு முன்னரே அதனை ஓர் ஆராய்ச்சி முறையாக்கியவர் பொருளியலறிஞர் ஸ்ரான்லி ஜெவன்ஸ். சிட்னி நாணயசாலையில் உலோகமாற்றுப் பார்க்கும் பதவியிலிருந்த அனுபவம் அவர்க்குண்டு. 1868 இல் அவர் நாடெங்குமுள்ள வங்கியாளரை வேண்டி, அவர்கள் கையிலிருந்த தங்க நாணயங்களின் ஆண்டுகளைக் கணக்கெடுப்பித்தார். 165,000 இற்கு மேற்பட்ட நாணயங்களின் விவரம் கிடைத்தது. சவரன்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கும், அரைச்சவரன்களில் ஏறக்குறைய பாதியும் சட்டம் விதித்த எடைக்குக் குறைந்தவை என்பது அதனாற் புலனாயிற்று. நாட்டிலுள்ள பொன் நாணயத்தின் மொத்தத் தொகையையும் அவர் அதனைக் கொண்டே மதிப்பிட்டார். இங்கு கருதற்பாலது யாதெனில், ஜெவன்ஸ் அரியதைத் தேடவில்லை; எல்லாவற்றையும் எண்ணினார். எந்த ஆண்டுக் காசு எத்தனை எஞ்சியுள்ளது, எத்துணை தேய்ந்துள்ளது என்பதே அவர் வினா.

அட்டையில் ஆண்டுக்கொரு துளையே உண்டு. 1912 ஆம் ஆண்டுப் பென்னி நூறு கையிற் பட்டாலும் அங்கு இடம்பெறுவது ஒன்றே. ஏனைத் தொண்ணூற்றொன்பதும் மீண்டும் சந்தைக்கே சென்றன. சரித்திர ஆசிரியனுக்கு வேண்டுவனவோ அத்தொண்ணூற்றொன்பதின் கணக்கும் தேய்வும். சேகரிப்பவன் தேய்ந்ததை இகழ்ந்து பளபளப்பானதை விரும்பினான். மழுங்கிய விக்டோரியா முகமே எத்தனை சந்தைகளை, எத்தனை தலைமுறைகளை அக்காசு கண்டதென்பதற்குச் சான்று. அவனைக் குறைகூறுதலும் முழுதும் முறையன்று. அவன் பொறுக்கி வைத்திராவிடின் அச்சில்லறையில் ஒன்றேனும் தெளிந்த உருவோடு எஞ்சியிராது.

1966 மார்ச்சு மாதத்தில் நிதியமைச்சர் ஜேம்ஸ் கலகன் பதின்மக் கணக்கு வருமென அறிவித்ததும் தேட்டம் உச்சமடைந்தது. பழைய காசு மறையப் போகிறதென்ற அச்சமும், நாளை விலையேறும் என்ற ஆசையும் ஒருங்கே சேர்ந்தன. மக்கள் வங்கியிற் பைபையாகப் பென்னி வாங்கி, வீட்டில் மேசைமேற் கொட்டிப் பிரித்து, வேண்டாதவற்றைத் திருப்பிச் செலுத்தினர். 1967 ஆம் ஆண்டுப் பென்னியைப் புதிதாகவே கட்டி வைத்தோரும் உளர். அது பெருந்தொகையாக அடிக்கப்பட்டமையால் அவர் எண்ணியவாறு விலை ஏறவில்லை.

1970 இல் லீட்ஸ் நகர்ப்புறத்துத் தேவாலயமொன்றின் அடிக்கல்லின்கீழ் வைத்திருந்த 1933 ஆம் ஆண்டுப் பென்னியைத் திருடர் கவர்ந்து சென்றனர். அதே நகரின் மற்றொரு தேவாலயத்திலிருந்த பென்னிக்கும் அக்கதி நேருமென அஞ்சி, அதனைத் தோண்டியெடுத்து 1972 இல் ஏலத்தில் விற்றுவிட்டனர். அதற்கிடையில் 1971 பெப்ரவரி 15 ஆந் திகதி புதிய கணக்கு நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் 31 ஆந் திகதியுடன் பழைய பென்னி செல்லாக் காசாயிற்று. மீண்டு வந்தவை உலைக்களஞ் சென்றன. ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் 1933 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் செனற் மாளிகைக்கு நாட்டிய அடிக்கல்லின்கீழ் வைத்த பென்னி, இன்றும் அவ்விடத்திலேயே கிடக்கின்றதென்பர்.