மணிக்கோல் முதல் வெள்ளிப் போர்வை வரை

பெண்ணாடத்துச் சித்திரை வெயிலை அறிந்தவர்களுக்கு இக்கட்டுரையின் தொடக்கம் சற்று வேடிக்கையாகத் தோன்றலாம். அப்படிப்பட்ட ஒரு மாலையில், என்னிடம் இயற்பியல் பயிலும் மாணவர் ஒருவர் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். நாள்தோறும் விடியற்காலையில் வெள்ளாற்றங்கரையில் ஓடிப் பழகுகிறவர் அவர். நீலகிரிப் பக்கம் மலைப்பாதையில் நடைபெறவிருந்த 50 கிலோமீட்டர் ஓட்டத்திற்குப் பெயர் கொடுத்திருந்தார். ஓடுகிறவர் கட்டாயம் உடன் கொண்டுவர வேண்டிய பொருள்கள் அத்தாளில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன: விசில், தலையில் மாட்டும் விளக்கு, காற்றும் மழையும் புகாத மேற்சட்டை, அவசரகாலப் போர்வை, ஒரு லிட்டர் தண்ணீர், கைப்பேசி, தின்பண்டம்.

“ஓடுகிறவனுக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டும். அவனுக்குப் போர்வை எதற்கு சார்? வீண் சுமைதானே?” என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். சமவெளியில் பிறந்து வளர்ந்த நமக்கு ஓட்டம் என்றால் வெப்பம்; குளிர் அன்று. ஆனால் இந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் நீண்ட வரலாறு ஒன்று உண்டு. ஒவ்வொன்றும் ஓர் இயற்பியல் விதியின் மேல் நிற்கிறது. அவ்வரலாற்றை நம் நாட்டிலிருந்தே தொடங்குவோம்.

மணி கட்டிய கோல்

மலையிலும் காட்டிலும் தொலைதூரம் ஓடுவது இன்று பொழுதுபோக்கு. ஒரு காலத்தில் அது பிழைப்பு. இரயிலும் தந்தியும் வருவதற்கு முன், நம் நாட்டில் கடிதங்கள் மனிதர் கால்களிலேயே பயணம் செய்தன.

மொராக்கோ நாட்டுப் பயணி இபன் பட்டூடா 1333ஆம் ஆண்டு சிந்து நதிக்கரையை வந்தடைந்தார். தில்லி சுல்தானின் அஞ்சல் முறை அவரை வியப்பில் ஆழ்த்தியது. ஒவ்வொரு மைலும் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஓட்டக்காரர்கள் இடுப்பை வரிந்து கட்டிக்கொண்டு காத்திருப்பார்களாம். ஓடிவருபவரின் ஒரு கையில் கடிதம். மறு கையில் இரண்டு முழ நீளக் கோல். கோலின் தலைப்பில் செப்பு மணிகள். மணியோசை காதில் விழுந்ததும் அடுத்தவர் எழுந்து ஆயத்தமாவார். குதிரை அஞ்சலைவிட இந்தக் கால் அஞ்சல் விரைவானது என்று அவர் எழுதியிருக்கிறார்.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியிலும் இந்த முறை தொடர்ந்தது. சென்னையில் 1786இல் தலைமை அஞ்சல் அலுவலகம் தோன்றியபோதும் பைகளைச் சுமந்து ஓடியவர்கள் தபால் ஓட்டக்காரர்களே. விலங்குகள் நடமாடும் காட்டுப் பகுதிகளில் இரவு நேரத்தில் தீவட்டி பிடிப்பவரும் பறை அடிப்பவரும் உடன் ஓடியதுண்டு. திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தில் ‘அஞ்சல்’ என்ற பெயரிலேயே தனி அமைப்பு இருந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அப்போது அதில் அடக்கம். அஞ்சல் ஓட்டக்காரர் மணி கட்டிய கோலுடன் வந்தால் வழியில் இருப்பவர்கள் ஒதுங்கி வழிவிட வேண்டும். 1951இல்தான் அந்த அமைப்பு இந்திய அஞ்சல் துறையுடன் இணைந்தது. 1937இல் வெளியான இரண்டணா அஞ்சல் தலையில் தபால் ஓட்டக்காரரின் உருவம் பொறிக்கப்பட்டிருந்ததை, பழைய அஞ்சல் தலைகளைச் சேர்ப்பவர்கள் பார்த்திருப்பார்கள்.

இப்போது சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். அந்த மணிக்கோல் என்னென்ன வேலைகளைச் செய்தது? பாதையில் இருப்பவர்களை விலக்கியது. காட்டு விலங்குகளுக்கு மனிதன் வருவதை முன்கூட்டியே அறிவித்தது. பாம்புக்குப் புறச்செவி இல்லை. ஆகவே மணியோசையைவிட, ஓடுகிற காலும் ஊன்றுகிற கோலும் தரையில் எழுப்பும் அதிர்வே அதனை விலகச் செய்திருக்கும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை ஒன்று உண்டு. ஓட்டக்காரர் எங்கே இருக்கிறார் என்பதை அது அடுத்த மனிதருக்குத் தெரிவித்தது. வழக்கமான நேரம் கடந்தும் மணி கேட்கவில்லை என்றால், ஏதோ நேர்ந்துவிட்டது என்பது அங்கே காத்திருப்பவருக்குப் புரிந்துவிடும். மணியின் ஓசை மட்டுமன்று, அதன் மௌனமும் ஒரு செய்திதான்.

ஆறு முறை ஊதுங்கள்

மணிக்கோலின் இடத்தை இன்று பிடித்திருப்பது விசில். பர்மிங்காம் நகரைச் சேர்ந்த ஜோசப் ஹட்சன் என்ற கைவினைஞர் செய்த விசிலை 1883இல் லண்டன் காவல்துறை ஏற்றுக்கொண்டது. அதுவரை காவலர்கள் மரக் கிலுகிலுப்பையைச் சுழற்றித்தான் உதவிக்கு ஆள் அழைத்தார்கள்.

கூவி அழைத்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நம் காதின் துளை ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு முனை மூடிய குழாய். ஒரு முனை மூடிய குழாயில் ஒத்ததிர்வு ஏற்பட வேண்டுமானால் அலைநீளம் குழாயின் நீளத்தைப்போல் நான்கு மடங்காக இருக்க வேண்டும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அதாவது 10 சென்டிமீட்டர். ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர் எனக் கொண்டால் அதிர்வெண் 3400 ஹெர்ட்ஸ் என்று வரும். விசிலின் கீச்சொலி இதற்கு அருகிலேயே அமைகிறது. நம் செவி எந்த ஓசையை மிக எளிதாகப் பிடிக்குமோ அதே ஓசையை அது எழுப்புகிறது. களைத்துப்போன மனிதனின் குரல் சில நிமிடங்களில் கம்மிவிடும். ஆனால் மூச்சு உள்ளவரை விசில் ஊதலாம். கைப்பேசிக்குக் கோபுரம் வேண்டும், மின்கலம் வேண்டும். விசிலுக்கு இரண்டுமே வேண்டாம்.

ஊதுவதற்கும் ஒரு முறை உண்டு. ஆங்கில அறுவை மருத்துவரும் மலையேறியுமான கிளின்டன் டென்ட் 1894இல் முன்மொழிந்த ஆபத்துக் குறி, ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் இன்றும் வழக்கில் இருக்கிறது. ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊத வேண்டும். அடுத்த ஒரு நிமிடம் அமைதி. பிறகு மீண்டும் ஆறு முறை. கேட்டவர் நிமிடத்திற்கு மூன்று முறை ஊதிப் பதில் அளிப்பார். இரவில் விளக்கை மறைத்து மறைத்துக் காட்டியும் இதே குறியைத் தரலாம். இடையில் வரும் அமைதியின் பயனைக் கவனியுங்கள்: பதிலைக் கேட்க வேண்டுமானால் நாம் சற்று வாய் மூடியிருக்க வேண்டும் அல்லவா?

தீவட்டியின் பேரப்பிள்ளை

தீவட்டி பிடிக்கத் தனியாள் வேண்டியிருந்த காலம் போய், இன்று விளக்கு ஓடுகிறவரின் நெற்றியில் ஏறிவிட்டது. கைகள் இரண்டும் விடுபட்டு, சரிவில் பற்றிக்கொள்ளப் பயன்படுகின்றன. இதனைச் சாத்தியமாக்கியது ஒளிஉமிழ் டயோடு, அதாவது எல்.இ.டி. சிவப்பு, பச்சை டயோடுகள் முன்பே இருந்தபோதிலும் நீலம் கிடைக்காததால் வெள்ளொளி பெற முடியவில்லை. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானிய இயற்பியலாளர்கள் அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகியோர் பிரகாசமான நீல டயோடை உருவாக்கினர். அதற்காக 2014ஆம் ஆண்டின் நோபல் பரிசையும் பெற்றனர். மின்னாற்றலின் பெரும் பகுதியை வெப்பமாக வீணடித்த பழைய இழை விளக்கைப் போலன்றி, ஒரு சிறு மின்கலத்திலேயே இது இரவு முழுவதும் எரியும்.

தெர்மாஸ் குடுவை கற்பிக்கும் பாடம்

இனி அந்தப் போர்வைக்கு வருவோம். மலைமேல் ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்திற்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செண்டிகிரேடு குறைகிறது. தொட்டபெட்டாவின் உயரம் 2637 மீட்டர். சமவெளியில் 32 டிகிரியாக இருக்கும் வேளையில் அங்கே சுமார் 15 டிகிரிதான் இருக்கும். மழையும் காற்றும் சேர்ந்தால் நிலைமை இன்னும் கடுமையாகும்.

ஓடும் உடல் ஒரு வெப்ப எந்திரம். நாம் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குகூட இயக்கமாக மாறுவதில்லை, மற்றது வெப்பமாகிறது. நன்றாக ஓடுகிறவர் உடலில் 800 வாட் அளவுக்கு வெப்பம் பிறக்கக்கூடும். கால் பிசகி உட்கார்ந்துவிட்டால் அது 100 வாட் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அடுப்பு அணைந்துவிட்டது, ஆனால் வியர்வையில் நனைந்த சட்டை அப்படியே இருக்கிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாவதற்கு ஏறக்குறைய 2400 ஜூல் வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு மணி நேரத்தில் 100 கிராம் ஆவியானால் இழப்பு 67 வாட். இந்த ஒரு வழியிலேயே உடல் உண்டாக்கும் வெப்பத்தில் மூன்றில் இரு பங்கு போய்விடுகிறது! உடலின் உள்வெப்பநிலை 37 டிகிரியிலிருந்து 35க்குக் கீழே இறங்கினால் ஆபத்து. முதலில் நடுக்கம், பிறகு நாக்குழறல், பிறகு சிந்தனைத் தடுமாற்றம். தான் ஆபத்தில் இருக்கிறோம் என்பதையே உணர முடியாத நிலைதான் இதில் மிகக் கொடியது.

இதற்கு என்ன செய்யலாம்? வீட்டிலுள்ள தெர்மாஸ் குடுவையை எண்ணிப் பாருங்கள். 1892இல் ஜேம்ஸ் டூவர் அதனை உருவாக்கினார். அதன் இரட்டைச் சுவர்களுக்கு இடையே உள்ள வெற்றிடம் கடத்தலையும் சலனத்தையும் தடுக்கிறது. வெள்ளிப் பூச்சு கதிர்வீச்சைத் தடுக்கிறது. இறுக்கமான மூடி, ஆவி வெளியேறாமல் காக்கிறது.

அவசரகாலப் போர்வை என்பது அந்த வெள்ளிப் பூச்சேதான். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் பணிகளுக்காக 1964இல் உருவான பொருள் இது. மெல்லிய பாலியெஸ்டர் தாளின் மீது, வெற்றிடத்தில் ஆவியாக்கிய அலுமினியத்தைப் படியவைக்கிறார்கள். உடல் உமிழும் அகச்சிவப்புக் கதிர்களில் பெரும் பகுதியை அது உடலுக்கே திருப்பி அனுப்புகிறது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தடிமனும், இரண்டு மீட்டர் நீளமும், 1.4 மீட்டர் அகலமும் கொண்ட அந்தப் போர்வையின் எடை சுமார் 50 கிராம். மடித்தால் உள்ளங்கையில் அடங்கிவிடும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. போர்வையில் பூச்சு மட்டுமே உண்டு. குடுவையின் வெற்றிடம் இல்லை. காற்று உள்ளே புகுந்தால் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். அதனைத் தடுப்பது மேற்சட்டையின் வேலை. ஈர உடையின் தொல்லையைத் தீர்ப்பது, பையில் நனையாமல் வைத்திருக்கும் மாற்றுச் சட்டையின் வேலை. குடுவை தனியாகச் செய்வதை நாம் மூன்று பொருள்களைக் கொண்டு செய்ய வேண்டியிருக்கிறது.

2021, மே 22

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. சீனாவின் கான்சு மாகாணத்தில் பையின் நகருக்கு அருகே 2021 மே 22 அன்று 100 கிலோமீட்டர் மலை ஓட்டம் ஒன்று நடந்தது. 172 பேர் ஓடினர். பலர் அரைக்கால் சட்டையும் மெல்லிய பனியனுமே அணிந்திருந்தார்கள். காற்றுப் புகாத மேற்சட்டை கட்டாயப் பட்டியலில் இல்லை. ‘கொண்டுவருவது நல்லது’ என்ற அளவிலேயே இருந்தது. பின்னால் வரும் நிலையத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணிப் பலர் அதனை மூட்டையில் கட்டி முன்னதாகவே அனுப்பிவிட்டனர்.

நண்பகலை ஒட்டி வானிலை மாறியது. கடுங்காற்று, பனிமழை. அவர்கள் அப்போது இரண்டாம் நிலையத்துக்கும் மூன்றாம் நிலையத்துக்கும் இடையே, ஏறத்தாழ 1000 மீட்டர் ஏற்றத்தில் இருந்தனர். வண்டி ஏற முடியாத அந்த மூன்றாம் நிலையத்தில் உணவும் வெந்நீரும் இல்லை. போர்வையைப் பிரித்துப் போர்த்தியவர்களும் காற்று அதனைக் கிழித்துக்கொண்டு போனதைக் கண்டனர். 21 பேர் மாண்டனர். அவர்களில் சீனாவின் முன்னணி ஓட்டக்காரர்களும் இருந்தார்கள். வலிமை குறைந்தவர்களே மலையில் சாவார்கள் என்ற எண்ணம் எவ்வளவு தவறானது, பாருங்கள். அப்பகுதியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் ஆறு பேரைத் தாம் ஒதுங்கியிருந்த குகைக்குக் கொண்டுசேர்த்துத் தீ மூட்டிக் காப்பாற்றினார். அந்த நாளில் அந்தப் பாதையில் மணியோசைக்குக் காது கொடுத்து நின்றவர் அவர் ஒருவரே என்று சொல்லத் தோன்றுகிறது.

பிரான்சு, இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாக மோன் பிளான் மலையைச் சுற்றி ஓடும் புகழ்பெற்ற போட்டி 2003இல் தொடங்கியது. மோசமான வானிலையில் நடந்த அந்த முதல் ஆண்டில், ஓடிய சுமார் 700 பேரில் 67 பேரே முடித்தனர். இன்று அப்போட்டியில் விசில், விளக்கு, போர்வை, தலைமூடியுள்ள மேற்சட்டை, தண்ணீர் இவற்றில் ஏதேனும் ஒன்று பையில் இல்லை என்றாலும் தண்டனை உண்டு.

நாம் செய்ய வேண்டியவை

நீலகிரி, கொல்லிமலை, கல்வராயன் என்று நம் இளைஞர்களும் இப்போது மலையேறி ஓடத் தொடங்கியிருக்கிறார்கள். மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் சமவெளிக்காரர்கள் சிலவற்றை நினைவில் கொள்ள வேண்டும். மேற்சட்டையும் போர்வையும் உங்கள் முதுகிலேயே இருக்கட்டும், மூட்டையில் வேண்டாம். நடுக்கம் வருவதற்கு முன்பே மேற்சட்டையை அணியுங்கள். போர்வையை அதற்கு உள்ளே சுற்றிக்கொண்டால் காற்று பறிக்காது. விசிலை, கை மரத்துப்போனாலும் வாய்க்கு எட்டும்படி பையின் தோள்பட்டையில் கட்டுங்கள். வெறும் தண்ணீரை அளவின்றிக் குடிப்பதும் தீங்கு. உப்பும் சர்க்கரையும் கலந்த நீர்க்கரைசல் பொட்டலம் ஒன்றிரண்டு இருக்கட்டும்.

கடையில் வாங்க முடியாத பாதுகாப்பும் ஒன்று உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 20க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். சரிவில் மேல்நோக்கிப் பரவும் தீ மனிதனைவிட வேகமாக ஏறும். அதற்குப் போர்வையும் கிடையாது, விசிலும் கிடையாது. வனத்துறையின் அனுமதி, அன்றைய காட்டின் நிலை பற்றிய செய்தி, நாம் எந்தப் பாதையில் எப்போது திரும்புவோம் என்பதை அறிந்து காத்திருக்கும் ஒருவர், இவையே அங்கே துணை.

என் மாணவர் ஓடிமுடித்து ஊர் திரும்பினார். பையைப் பிரித்துக் காட்டியபோது போர்வையைக் காணோம். முப்பதாவது கிலோமீட்டரில் கால் பிசகித் தூறலில் உட்கார்ந்திருந்த வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாராம். உதவியாளர்கள் வந்து சேரும்வரை அருகிலேயே இருந்து, நிமிடத்திற்கு ஆறு முறை விசிலும் ஊதியிருக்கிறார்.

“இன்னொன்று வாங்கவேண்டும் சார்” என்றார். இந்த முறை எதற்கு என்று அவர் கேட்கவில்லை.