கடலில் சிந்திய எண்ணெயும் கப்பல் தலைவர் கடமையும்

தவறு நேர்வது ஒன்று. நேர்ந்த தவற்றை மறைப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்துணரும் பக்குவம் தனி மனிதர்க்கேயன்றி, நாடுகள் கூடி இயற்றும் சட்டங்களுக்கும் காலப்போக்கில்தான் வாய்க்கிறது. கப்பல்களால் கடல் மாசுறுவதைத் தெரிவிக்கும் சட்டத்தின் வரலாறு இதற்கு நல்ல சான்றாகும்.

1954-ஆம் ஆண்டில் இலண்டனில் கூடிய நாடுகள், கடலில் எண்ணெய் கொட்டுவதைத் தடுக்க ஓர் உடன்படிக்கை செய்தன. 1958-இல் நடைமுறைக்கு வந்த அவ்வுடன்படிக்கை, பொதுவாகக் கரையிலிருந்து 50 மைலுக்குள் எண்ணெய் கொட்டலாகாது என்றது. கொட்டியதையும் சிந்தியதையும் கப்பலிலுள்ள எண்ணெய்க் குறிப்பேட்டில் எழுதி வைக்கவும் பணித்தது. விதி மீறப்பட்டதை அறிந்த அரசு, கப்பலின் கொடிக்குரிய அரசுக்கு எழுத்து மூலம் தெரிவிக்கலாம். ஆனால், எழுதி விசாரித்து முடிப்பதற்குள் எண்ணெய் கரை சேர்ந்துவிடுமன்றோ? ஏடு பின்னர்ச் சாட்சி சொல்லும், முன்னர் எச்சரிக்காது.

1967 மார்ச் 18-ஆம் நாள் 'டோரி கேன்யன்' என்னும் எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்கே பாறையில் மோதியது. அதில் ஏறத்தாழ 1,19,000 டன் கச்சா எண்ணெய் இருந்தது. எண்ணெயை எரித்துவிடக் கருதிய பிரிட்டிஷ் அரசு, விமானங்களை ஏவிக் குண்டு வீச நேர்ந்தது. தன் கரைக்கு ஆபத்து வருங்கால், பிறநாட்டுக் கப்பலின்மீது ஓர் அரசு எவ்வளவு தூரம் தலையிடலாம் என்ற கேள்வி அப்போது எழுந்தது. 1969-ஆம் ஆண்டு உடன்படிக்கை அவ்வுரிமையை வழங்கிற்று. எனினும், ஆபத்தை அறியாத அரசுக்கு உரிமை இருந்தும் பயன் யாது?

இக்குறையை நீக்கியது 1973-இல் இயற்றப்பட்ட 'மார்போல்' உடன்படிக்கை. அதன் 8-ஆம் பிரிவும், அதனோடு இணைந்த முதல் நெறிமுறையும் அறிவித்தலைக் கடமையாக்கின. கப்பல் தலைவர் தாமதமின்றி, மிக விரைவான தொலைத்தொடர்பு வழியே, அண்மையிலுள்ள கரையோர நாட்டுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். எந்தக் கப்பல், எந்த நேரம், எந்த இடம், என்ன பொருள், எவ்வளவு, என்ன உதவி என்பன அதில் அடங்க வேண்டும். கப்பல் கைவிடப்பட்டால் அக்கடமை உரிமையாளரையும் கப்பலை நடத்துவோரையும் சாரும். எண்ணெய் சிந்திய பின்னர் மட்டுமன்று, சிந்தக்கூடும் என்ற நிலையிலேயே சொல்லியாக வேண்டும் என்பதே இதன் உயிர்நாடி.

அதன் அருமையை 1978 மார்ச் 16 உணர்த்தியது. பிரான்சின் பிரிட்டனி கரைக்கு அப்பால் 'அமோகோ காடிஸ்' கப்பலின் சுக்கான் காலையில் பழுதுற்றது; இரவில் கப்பல் பாறையில் ஏறியது. இடைப்பட்ட பொழுதில் இழுவைக் கப்பலோடு மீட்பு ஒப்பந்தம் பற்றிய பேச்சும் நடந்தது. 2,20,000 டன்னுக்கு மேற்பட்ட எண்ணெய் கடலில் கலந்தது. மார்போல் உடன்படிக்கை அன்று நடைமுறைக்கு வரவில்லை. 1983 அக்டோபர் 2-ஆம் நாள்தான் வந்தது.

நம் நீரிணைக்கும் இதில் பங்குண்டு. 1975 சனவரி 6-ஆம் நாள் 'சோவா மாரு' சிங்கப்பூர் நீரிணையில் தரைதட்டியது. 1997 அக்டோபர் 15-ஆம் நாள் 'எவோய்கோஸ்' அங்கேயே வேறொரு கப்பலுடன் மோதி, ஏறத்தாழ 28,500 டன் எரியெண்ணெயைச் சிந்தியது. 1998 டிசம்பர் முதல் நாள் தொட்டு, மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளின் வழிச் செல்லும் பெருங்கப்பல்கள் தம் வரவை அறிவிப்பது கட்டாயமாயிற்று.

தம்மீது தாமே குற்றம் சாட்ட எவர் முன்வருவார் என வினவலாம். சட்டம் இதற்கு வழி கண்டுள்ளது. கப்பலுக்கு நேர்ந்த சேதத்தால் எண்ணெய் சிந்தி, அதனைக் குறைக்கத் தக்க முயற்சி யாவும் செய்யப்பட்டிருப்பின், அச்சிந்தல் விலக்குப் பெறலாம். வேண்டுமென்றோ, சேதம் விளையும் என்றறிந்தும் பொறுப்பின்றியோ நடந்தோர்க்கு அவ்விலக்கு இல்லை. அறிவிக்கத் தவறுவதோ தனிக் குற்றம்.

பல்லாண்டுகள் தோட்டப் பள்ளியில் பணிபுரியும் எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. கைதவறி மைப்புட்டியைக் கவிழ்த்த மாணவன் உடனே ஓடிவந்து சொன்னால் பக்கத்துப் பிள்ளையின் புத்தகம் தப்பும். அடிக்கு அஞ்சி மறைத்தால் மேசை முழுவதும் பாழாகும். உண்மை சொன்னவனை அடிக்கும் ஆசிரியரே மறைக்கக் கற்றுக்கொடுக்கிறார். கடற்சட்டம் இவ்வுண்மையை உணர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. அதற்குள் எத்தனையோ கரைகள் கறுத்துவிட்டன.