தஞ்சாவூர் விசுவநாதன்

தஞ்சாவூர் விசுவநாதன் (ஆகஸ்ட் 13, 1927 – செப்டம்பர் 10, 2002) சென்னையில் பிறந்த கருநாடக இசைப் புல்லாங்குழல் கலைஞரும் இசைப் பேராசிரியரும் ஆவார். டி. விசுவநாதன் என்றும் அறியப்பட்டார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மேடைக் கச்சேரியையும் பல்கலைக்கழக ஆசிரியப் பணியையும் ஒருங்கே மேற்கொண்டவர்.

குடும்பமும் பயிற்சியும்

இவர் வீணை தனம்மாளின் பேரன். தாயார் ஜெயம்மாள் பாடகி. பரதநாட்டியக் கலைஞர் பாலசரசுவதி இவருடைய தமக்கை. மிருதங்கக் கலைஞர் ரங்கநாதன் தமையன். திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் குழல் பயின்றார். மாலி எனப்பட்ட டி. ஆர். மகாலிங்கத்தின் பாணி குழல் உலகை ஆட்கொண்ட காலத்திலும் தம் ஆசிரியரின் வழியிலேயே நின்றார். பாடலின் சொற்கள் குழலில் புலப்பட வேண்டும் என்பது இவ்வழியின் அடிப்படை. கச்சேரியின் நடுவே குழலை நிறுத்திவிட்டு அதே அடியை வாயால் பாடுவதும் இவருடைய வழக்கம்.

பல்கலைக்கழகப் பணி

1958 முதல் 1960 வரை ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்று லாஸ் ஏஞ்சலஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1961 முதல் 1965 வரை சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறைத் தலைவராக இருந்தார். பின்னர் மீண்டும் அமெரிக்கா சென்றார். 1975இல் கனெடிகட் மாநிலத்தின் வெசுலியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, இறக்கும் வரை அங்கேயே கற்பித்தார்.

குருகுலத்தில் மாணவர் ஆசிரியரின் வீட்டோடு இருந்து, கேட்டுக் கேட்டுக் கற்பார், காலவரையறை கிடையாது. பல்கலைக்கழகத்திலோ சில மாதங்களே நீளும் பருவமும் மதிப்பெண்ணும் உண்டு. விசுவநாதன் இந்தச் சட்டகத்துக்குள்ளும் பாடிக்காட்டித் திருப்பிப் பாடச்செய்யும் முறையைக் கைவிடவில்லை. குழலுடன் வாய்ப்பாட்டும் கற்பித்தார். இம்முறையின் பயனுக்குத் தக்க சான்று, 'இக்கின்சு பாகவதர்' எனத் தமிழ்நாட்டில் புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகர் ஜான் இக்கின்சு. அவர் இவ்விரு சகோதரர்களிடமும் பயின்றவர்.

இவருடைய முனைவர் பட்ட ஆய்வு இராக ஆலாபனை பற்றியது. மேடையில் அவ்வப்போது பிறந்து மறையும் ஆலாபனையை, அதனை நாள்தோறும் வாசிக்கும் ஒருவரே பகுத்து ஆராய்ந்தது குறிப்பிடத்தக்கது. பேராசிரியப் பதவி கலைஞரின் கையைக் கட்டிவிடும் என்ற கருத்து இவர் அளவில் பொருந்தவில்லை.

கச்சேரிகளும் சிறப்புகளும்

தனிக் கச்சேரிகளுடன், பாலசரசுவதியின் நடன நிகழ்ச்சிகளிலும் குழல் வாசித்தார். நடனத்துக்கு வாசிப்பதைக் குறைவாகக் கருதும் கலைஞர்கள் உண்டு; இவர் அவ்வாறு கருதவில்லை. தனம்மாள் குடும்பத்தின் தனிச்சொத்தான மெதுவான காலப் பதங்கள் இவருடைய வாசிப்பில் சிறந்து விளங்கின.

சென்னை மியூசிக் அகாதமி 1988இல் சங்கீத கலாநிதி விருது வழங்கியது. ஊரைவிட்டு நெடுங்காலம் விலகி, வெளிநாட்டு வகுப்பறையில் பணியாற்றிய ஒருவருக்கு அகாதமி அளித்த ஏற்பாகவும் இதனைக் கொள்ளலாம். 1992இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுரிமைக் கலைஞர் விருதும் கிடைத்தது. மேத்யூ ஆலனுடன் இணைந்து எழுதிய தென்னிந்திய இசை பற்றிய ஆங்கில நூல், இவர் மறைந்தபின் 2004இல் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது.